முட்டுக் கம்புகளுக்கு நடுவில் காய்ச்சிய பால்

கல்லடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் பிரஷாந்திக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்ல சுகம், கட்டார் நாட்டு வெயிலில் நீயும் கருகிப் போகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று அவரிடமே சொல்லி வைத்திருக்கிறோம். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் வெள்ளிக்கிழமை அங்கே வேலைக்கு வரும் நம் பக்கத்து வீட்டு வினோஜன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன், கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது பார். கம்பெனி உன்னைக் கட்டுமான மனேஜராகப் போடக் கேட்கிறது, நீயோ ‘நாப்பது ஆம்பிளைகள் நான் சொன்னா கேப்பாங்களா அப்பா, எஞ்சினியராவே இருந்திட்டுப் போறன்’ என்று அழாக்குறையாகச் சொன்னாய். மூன்று வயதில் என்னைச் செருப்போடு உள்ளே வரவிடாமல் வாசலில் நிறுத்தி வைத்த பிள்ளைக்கு இப்படி ஒரு பயமா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சரி, இங்கே நடந்ததைக் கேள். அம்மா சமைக்கப் போகும் புதுக் குசினிக்கு மேலே கொங்கிறீட் போட்டு ஒன்பதாம் நாள் பால் காய்ச்ச நல்ல நாள் என்று ஐயர் சொன்னார். கீழே அதைத் தாங்கும் பலகையும் முட்டுக் கம்பும் நிறைந்து நின்றால் எப்படிக் காய்ச்சுவது, எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். நம் மேசன் சாலிஹ், முப்பது வருசமாய் எவர் சொல்லையும் கேட்காத மனிதர், கையைக் கட்டிக்கொண்டு ‘மகள் போன்ல கொங்கிறீட் இறுக இருவத்தொரு நாள் வேணும் எண்டவ, அவ சொல்லாம ஒரு ஆணியும் கழட்டமாட்டன்’ என்றுவிட்டார். வீட்டுக்காரன் நான் என்றேன், ‘ஓம், நீங்கதான்’ என்றார், அசையவில்லை. கடைசியில் அம்மா கம்புகளுக்கு நடுவில் குனிந்து, தலையில் இரண்டு இடி வாங்கி, பால் பொங்க வைத்தாள், பலகை பற்றிவிடுமோ என்று சாலிஹ் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றார். வந்த சனமெல்லாம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள். கடலுக்கு அப்பால் இருந்தே எங்களை இப்படி ஆட்டி வைக்கிறாய், பக்கத்தில் நின்று சொன்னால் அந்த நாற்பது பேரும் கேட்கமாட்டார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ அந்த வேலை வேண்டாம் என்று சொன்ன அன்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம். மனேஜரானால் இன்னும் நாலு வருசம் அங்கேயே நின்றுவிடுவாய், இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்து தை மாதம் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அப்பன் நினைக்கக்கூடிய நினைப்பா அது, வெட்கமாக இருக்கிறது. மாதம் முடியுமுன் ஓம் என்று எழுதிக் கொடு மகள், எங்களை நினைத்து மறுக்காதே.

நீ கட்டுகிற கட்டிடமும் நீயும் நன்றாக இருக்க வேண்டும். அம்மா தந்துவிடும் கருவாட்டை ஒளித்து வைக்காமல் உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு.

இப்படிக்கு,
உன் சொல்லுக்கு மறுபடியும் கட்டுப்பட்ட அப்பா,
யோகராசா