நின்று கொடுத்த அளவு

மார்ச் 4
எங்கும் நிறைந்த பேரருளே, என் எழுத்தில் பொய் புகாது காப்பாயாக.

இல்லாளுக்கு முழங்கால் அறுவை முடிந்து ஏழு வாரங்கள் ஆயின. புண் ஆறிவிட்டது, நடக்கத்தான் மறுக்கிறாள். மருத்துவர் தந்த கறுப்புக் காலணியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். “இதப் போட்டுக்கிட்டு நடக்கறதுக்கு, உக்காந்தே இருந்துட்டுப் போறேன்.” இன்னும் ஒரு மாதம் இப்படியே இருந்தால் முட்டி இறுகிப்போகும் என்கிறார் மருத்துவர்.

மார்ச் 6
அலமாரியில் அவளுடைய பழைய காலணி. வெண்மையும் பழுப்புமாய் இருநிறத் தோல், குறுக்கே ஒற்றை வார், பக்கவாட்டில் முத்துப் பொத்தான். அது தெரியவேண்டுமென்றே உடையின் விளிம்பை ஒரு விரற்கடை உயர்த்தித் தைத்துக்கொள்வாள்! கையில் எடுத்தேன், அடிப்பாகம் பொடியாய் உதிர்ந்தது.

அவள் உறங்குகையில், விழித்துவிடாதபடி பாதத்தைத் தொடாமலே தாளில் வரைந்துகொண்டேன்.

மார்ச் 7
காலணி தைப்பவர் தாளைப் பார்த்துச் சிரித்தார். “படுத்திருக்கிற காலை அளந்தா, படுத்துக்கிட்டுதான் போடணும் ஐயா. நின்னு, முழு பாரமும் இறங்கணும். அதுவும் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கின பிறகு.” பழைய தோற்றத்திலேயே, தாழ்ந்த குதியும் உள்மெத்தையும் வைத்துத் தருவாராம்.

மார்ச் 8
அவளிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 9
மாலையில் தானாகவே கேட்டாள்: “பொத்தான் முத்துதானே? பிளாஸ்டிக் வெச்சு ஏமாத்திட மாட்டாரே?”

தாளை விரித்து மண்டியிட்டேன். என் தோளைப் பற்றி எழுந்தாள். இறைவன் திருவடியைப் பாடியே அறுபது ஆண்டுகளைக் கழித்தவன், இவள் பாதத்தை இன்றுதான் கையால் தொடுகிறேன் — இத்தனை நாள் எங்கேடா போயிருந்தே என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

“கோடு கோணுது. ஒழுங்கா வரைங்க” என்றாள்.

இரு பாதங்களையும் வரைந்து முடிக்கும்வரை நின்றாள். நான்கு நிமிடங்கள்!

மார்ச் 12
சொல்லாமலே எழுந்து நின்றாள். அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்கவாம்.

மார்ச் 29
காலணி வந்தது. வெளிர்நிறக் காலுறை, உயர்த்திய விளிம்பு, தெருமுனைவரை நடந்தாள். கைத்தடியைச் சுமந்தபடி பின்னால் நான்.

தையல்கடைப் பெண் வாசலுக்கே வந்துவிட்டாள். “எங்க வாங்கினீங்கம்மா?”

“நின்னு அளவு குடுத்துத் தெச்சது” என்றவள், திரும்பி என் ரப்பர் செருப்பை ஏற இறங்கப் பார்த்தாள். “என்கூட வரணும்னா மொதல்ல இதை மாத்துங்க.”

நாளை மாலை எனக்கு அளவெடுக்கிறார்கள்.

இந்த ஏட்டை என்றேனும் பிரிப்பவர் எவராயினும், அவரும் அவர் மனையோரும் நோயின்றி நடமாடி, ஒருவர்க்கொருவர் துணையாய் நெடிது வாழ்க.