ராகு காலத்தில் சூடான வண்டி

அரியலூர்
ஐப்பசி 12

அன்புள்ள சுதர்சனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று பயந்து கடிதமாக எழுதுகிறேன்.

உண்ணாமலைக்கு வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. திருச்சியில் ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, நேற்றுதான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாதாம். இடித்தது, உன் அண்ணனிடம் நான் வாங்கிய கார். ஓட்டியது நான். 

லாரி விபத்துக்குப் பிறகு என் இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் என்றால் வலது கால் மட்டும் போதும் என்று யோசனை சொன்னதே நீதான். “எங்கண்ணன் வண்டி இருக்குடா, பொத்திப் பொத்தி வச்சிருந்தது, வேற எவன்கிட்டயும் போய் ஏமாந்துடாத” என்றும் சொன்னாய். அந்தச் சொல்லை நம்பித்தான் மெக்கானிக் யாரையும் அழைக்காமல் நானும் உண்ணாமலையும் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனோம்.

அன்று வெள்ளிக்கிழமை. போய்ச் சேரும்போது மணி பதினொன்று, ராகு காலம். பன்னிரண்டுக்கு மேல்தான் வண்டியில் ஏறுவது என்று உண்ணாமலை உறுதியாகச் சொல்லிவிட்டாள். உன் ராஜதுரை அண்ணன் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. “நீங்க காபி சாப்புடுங்க, நான் போயி பெட்ரோல் போட்டுட்டு வந்துடுறேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். என்ன பெருந்தன்மை என்று நாங்கள் பேசிக்கொண்டோம், போ. பன்னிரண்டரைக்கு நான் ஓட்டிப் பார்த்தபோது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பணத்தைக் கொடுத்து அன்றே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் பூசை போட்டுவிட்டு வரலாம் என்று காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். உண்ணாமலை நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கியரை முன்னால் போகிற டி-யில் போட்டேன். வண்டி அசையவில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தேன். எஞ்சின் உறுமியதே தவிர, வண்டி நகரவில்லை. பழம் ஏதாவது தடுக்கிறதா என்று பார்க்க அவள் முன்னால் வந்து குனிந்தாள். அந்த நொடியில் வண்டி பாய்ந்தது. அவளை வாசல் கேட்டோடு வைத்து இடித்துத்தான் நின்றது. அவள் கத்தக்கூட இல்லை, என்னைப் பார்த்தாள். 

வண்டியைப் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து குழந்தைவேல் என்ற மெக்கானிக்கை வரவழைத்தேன். கியர்பாக்ஸ் ஆயிலைத் துணியில் தொட்டுக் காட்டினான். சிவப்பாக இருக்க வேண்டியது கரியாக இருந்தது, தீய்ந்த வாடை வேறு. “வண்டி நல்லா ஆறிக் கெடக்குறப்ப போயிப் பாக்கணும் சார். மொதல்ல பானட்டத் தொட்டுப் பாக்கணும், சூடா இருந்தா அப்படியே திரும்பிடணும். பிரேக்க மிதிச்சிக்கிட்டு ஆர், டி மாத்துனா ஒடனே புடிக்கணும். இது பச்சையா இருக்குறப்ப புடிக்காது, சூடாயிட்டா ஒண்ணும் தெரியாது” என்றான். ராகு காலத்துக்குப் பயந்து நாங்கள் காத்திருந்த நேரத்தில்தான் உன் அண்ணன் அதைச் சூடாக்கியிருக்கிறார்.

அதையும் பொறுத்துக்கொள்வேன், சுதர்சன். விற்கிறவர் ஆயிரம் செய்வார். ஆனால் குழந்தைவேல் இன்னொன்றும் சொன்னான். சித்திரை மாதமே இந்த வண்டி அவனிடம் போனதாம். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லி, “வெளிநாட்டுல இருக்குற அவரு தம்பிக்கும் போன்ல வீடியோ போட்டுக் காமிச்சேன் சார்” என்றான்.  திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ராஜதுரை அண்ணனுக்கு நீ ஒருவன்தான் தம்பி.

உண்ணாமலைக்கு இது தெரியாது. “ஒங்களுக்கு வலது, எனக்கு எடது, சேத்தா ஒரு ஆளு நடக்கலாம்” என்று படுத்துக்கொண்டே என்னைக் கேலி செய்கிறாள். கால் முறிந்ததை உனக்குச் சொல்லவே கூடாதாம். “சுதர்சன் அண்ணன் கேட்டா துடிச்சிப் போயிடும், தூர தேசத்துல தனியா இருக்குது” என்கிறாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கவும் போவதில்லை. குழந்தைவேல் ஆள் மாறிச் சொல்கிறான், அது நான் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. நான் அவனைத் திட்டிக்கொள்கிறேன்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பதிலை மட்டும் தாமதிக்காதே.

இப்போதும் உன்
தமிழழகன்