அப்பப் பொறி தேர்ந்ததும் தாய்ப்பானை உடைத்ததும்

செம்மேட்டு நாடு காக்கும் கோமான், கதிர்க்கொடி உயர்த்தோன், மலைவாயில் ஏழுக்கும் உடையோன், எம் அரசி நறுவீ தேவியாரோடு ஒரு வயிற்றில் பிறந்த மூத்தோன், பரிதிநம்பி வேந்தர் திருமுன்பு, நீர்வயல் நாட்டு மன்னர் கயலேந்தியார் முத்திரையின்கீழ் அவர்தம் கோட்டைவாயில் மூப்பன் கரும்பூதன் நிலம் தோயப் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மேட்டில் மழை பிழையாதாகுக. கதிர் சாயாதாகுக. தங்கள் அடுப்பும் தங்கள் குடிகள் அடுப்பும் ஒருசேர எரிவதாகுக.

ஓலை எழுதுவோன் இன்னும் ஒன்பது அடைமொழி வைத்திருந்தான். துக்கம் சொல்ல வரும் ஓலைக்கு இத்தனை மாலை போதும் என்று நானே நிறுத்தினேன். எழுத்து அவனுடையது, சொல் என்னுடையது. எனக்கு என் பெயரைக் கீறத் தெரியும், அதற்குமேல் தெரியாது. அமைச்சர் எழுதட்டும் என்று நான் எவ்வளவோ சொல்லியும், பானையை உடைத்த கை எதுவோ அதுவே ஓலையும் விடுக்கட்டும் என்று எம் மன்னர் கட்டளையிட்டார். அது நியாயந்தான்.

தங்கள் தங்கையார் உயிரோடு இருக்கிறார். நெஞ்சு பதைத்தபடி தாங்கள் படிக்க வேண்டா என்று இதை முதலில் சொல்லிவிட்டேன். ஆனால் உண்பதில்லை. காலையில் இரண்டு மிடறு கஞ்சித் தெளிவு, அந்தியில் இரண்டு மிடறு. நாற்பத்து மூன்று நாளாய் இதுதான். கை வளை முழங்கைவரை ஏறி நிற்கிறது. மருத்துவர் கைநாடி பார்த்துவிட்டு வாசற்படியில் நின்று, அடுத்த மதி நிறையும் வரை பார்ப்போம் என்றார்.

என் குற்றம் எங்கே தொடங்கிற்று என்று சொல்கிறேன். மூடிய கலம் எதுவும் என் வாயிலைக் கடக்கலாகாது என்பது நான் இட்ட சட்டம். மன்னரின் தந்தையார் நஞ்சு கலந்த நெய்யால் மாண்டார். அந்த நெய்க்குடம் கடந்தபோது வாயிலில் நின்றவன் நான். அன்று தொட்டு நெய்யோ, தேனோ, மணமகள் சீரோ, எதுவானாலும் மூடியைத் திறந்து கோலால் துழாவிப் பார்ப்பேன். சென்ற ஆண்டு தாங்கள் தங்கைக்கு விடுத்த கோதுமை மாவையும் அப்படித்தான் துழாவினேன். தங்கள் தூதர் அதை அவமதிப்பாகக் கொண்டு திரும்பினார். தாங்கள் சினந்து நரிக்கடவுத் துறையை அடைத்தீர்கள். அதனால்தான் தங்கள் அன்னையார் மாண்ட செய்தியை அக்கரையிலிருந்து ஓர் ஆள் கூவிச் சொல்லவும், இக்கரையிலிருந்து ஓர் ஆள் காதில் வாங்கி ஓடிவரவும் ஆயிற்று. மகள் முகம் பாராமல் தாய் சிதை ஏறினார். அதுவும் என் கோலின் வேலைதான்.

சாவுச் செய்தி வந்தால் எங்கள் நாட்டில் வீட்டிலுள்ள பழங்கலங்களை உடைப்போம். ஆக்கியது, ஊறியது, புளித்தது எல்லாவற்றையும் கொட்டுவோம். ஏழை வீட்டுக்கும் அரண்மனைக்கும் ஒரே முறைதான். அரசியார் ஆற்றுத்துறைக்கு நீராடப் போயிருந்தபோது, உள்மாளிகைக்குள் ஆளோடு நானே போனேன். அவர் பள்ளியறையின் தென்மூலையில், கம்பளித் துணி சுற்றி ஒரு சிறு பானை இருந்தது. திறந்தேன். புளிப்பு மூக்கில் ஏறிற்று. வெண்மா குழம்பாய்க் கிடந்து குமிழி விட்டது. கெட்டுப்போனதை இந்த அம்மை எதற்குப் போர்த்திவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்று ஆண்டுக்கு முன் மணமகளாய் வந்தபோது இதே பானையை என் கோல் துழாவியதும், இது என் தாய், குளிர்பட விடாதீர் என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தன. தாய் கொடுத்த பானை என்று சொல்கிறார் போலும் என்றே அன்று கொண்டேன். தாயே போனபின் தாய் கொடுத்த புளித்த மாவு எதற்கு என்று இப்போது எண்ணினேன். மாவை அகழியில் கொட்டினேன். பானையை மதிலில் மோதி உடைத்தேன்.

நீராடி மீண்டவர் ஈரத்தலையோடு தென்மூலையைப் பார்த்தார். என் தாய் எங்கே என்று கேட்டார். தோழி இமையாள் காலைக் கட்டிக்கொண்டு, அன்னையார் வானுலகு எய்தினார் அம்மா, அழுதுவிடுங்கள் என்றாள். அது தெரியும், என் தாய் எங்கே என்று மறுபடி கேட்டார். நாங்கள் மறுபடி அதையே சொன்னோம். காலையில் தாய்க்கு உணவு வைக்க வேண்டும், பசித்துப்போகும் என்றார். மாண்டவருக்குப் பசியா என்று பெண்டிர் வாய்பொத்தி அழுதனர். சித்தம் கலங்கிற்று என்று மருத்துவர் உறக்கக் கிழங்கு அரைத்துக் கொடுத்தார். சில நாளில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். உண்பதையும் நிறுத்திவிட்டார். வேந்தே, தமிழ்தான் பேசினார். எங்கள் காதுக்குத்தான் எட்டவில்லை.

சோறு இறங்காவிட்டாலும் பிறந்தகத்துக் கோதுமை அப்பம் இறங்கும் என்று மன்னர் எண்ணினார். மூன்று ஆண்டும் அரசியார் விடியுமுன் எழுந்து தனியே தம் கையால் பிசைந்து முற்றத்து அடுப்பில் சுட்டுத் தின்றவர்தாம். இப்போது பிசையக் கையில் வலுவில்லை. தாமே பிசைந்து தாமே சுடும் பொறிகளைக் கடல் வணிகர் மூவர் கொண்டுவந்திருந்தனர். எவனையும் நம்பாதவன் தேர்ந்தெடுக்கட்டும் என்று மன்னர் அந்த வேலையை என்னிடம் விட்டார். மூப்பரே, இனி அப்பத்துக்கும் காவலோ, தப்பி ஓடிவிடுமோ என்று இமையாள் நகைத்தாள். அந்த மாளிகையில் பல நாளுக்குப் பின் கேட்ட நகைப்பு அது.

முதல் வணிகன் பொறி வெண்கலம், யானைத் தலை அத்தனை. மேலே நாழிகை வட்டில். விடியலுக்கு இத்தனை நாழிகை என்று நீர் வைத்துவிட்டால் தானே தொடங்கிவிடுமாம். ஒரே ஈட்டில் இருபது பேருக்குச் சுடும் என்று மார்தட்டினான். என் அரசி ஒருவர், அவரும் உண்ணாதவர், மற்றப் பத்தொன்பதை உன் பாட்டனுக்குப் படைக்கவோ என்றேன். சுழலும்போது அது போட்ட சத்தத்தில் கொட்டடிக் குதிரைகள் கட்டறுத்தன. அனுப்பிவிட்டேன்.

அடுத்தவன் பெட்டியை மூடி அரக்கு வைத்துக் கொண்டுவந்தான். உள்ளே என்ன என்று கேட்டால் குல மறை என்றான். அந்த மறையை உன் குலத்தோடே வைத்துக்கொள், இது நஞ்சுக்குத் தப்பிப் பிழைத்த மாளிகை என்று பெட்டியோடு வெளியே தள்ளினேன்.

மூன்றாமவன் அதிகம் பேசவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது. கை அகல இரும்புப் பாத்திரம், அடியில் கரித்தட்டு, உள்ளே ஒரு சிறு துடுப்பு, வெளியே சுற்றும் பிடி. ஒரு பெண் உட்கார்ந்தபடியே சுற்றலாம். துடுப்பைக் கழற்றிக் கழுவலாம். மூடியில் அப்பிரகத் தகடு பதித்திருந்தான். திறக்காமலே உள்ளே வேகிறதைப் பார்க்கலாம். வாணாள் முழுதும் மூடி திறந்தே பார்த்தவனுக்கு அது புதுமையாய் இருந்தது. ஐந்து நாள் ஐந்து முறை சுடச்செய்து, ஐந்து முறையும் நானே முதலில் தின்று, சாகாமல் இருந்து, அதையே தேர்ந்தேன். மாவு உப்புவதற்கு வணிகன் தென்னங்கள்ளின் நுரையை இட்டான். அப்பம் பஞ்சாய் எழுந்தது. பொய் சொல்லேன், நன்றாகவே இருந்தது.

சூடாறாத அப்பத்தை அரசியார் முன் வைத்தோம். எழுந்து உட்கார்ந்தார். மன்னர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்பத்தைப் புரட்டினார். அடியில் துடுப்பு தங்கியிருந்த இடம் குழியாய் இருந்தது. அந்தக் குழியில் சுண்டுவிரலை வைத்து, கொப்பூழ் இருக்கிறது, தாய்தான் இல்லை என்றார். ஒரு விள்ளல் வாயிலிட்டு மென்று விழுங்கினார். நல்ல அப்பம், எங்கள் வீட்டது அன்று என்று சொல்லி, மன்னர் வருந்துவாரே என்று இன்னொரு விள்ளலும் விழுங்கினார். பிறகு வைத்துவிட்டார்.

அப்போதுதான் நான், தாய் என்று அரசியார் சொல்வது எதை என்று கேட்டேன். நாற்பது நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி. அவர் மெல்லச் சொன்னார். பிசைந்த மாவில் ஒரு கைப்பிடி மிச்சம் வைப்பார்களாம். அதற்கு நாள்தோறும் மாவும் நீரும் ஊட்டுவார்களாம். அது உயிரோடு மூச்சுவிட்டு, மறுநாள் மாவை எழுப்புமாம். அதற்குத்தான் தங்கள் நாட்டில் தாய் என்று பெயராம். தங்கள் அன்னையார் கைத்தாய் ஏழு தலைமுறை கண்டதாம். நீங்கள் பாலுக்கு உறைமோர் வைக்கிறீர்களே, மூப்பரே, அதுபோலத்தான் என்று எனக்கு விளங்கும்படியும் சொன்னார். உடைத்தவன் நானே என்று அவர் முன்னும் மன்னர் முன்னும் சொன்னேன். கழுவில் ஏற்றுக என்றும் சொன்னேன். அவர் சினக்கவில்லை. எங்கே கொட்டினீர் என்று கேட்டார். அகழியில் என்றேன். மீன்கள் தின்றனவா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தாயை வளர்த்தவர் மாண்டால் அவர் பானையும் அவரோடு சிதை ஏறும் என்பது தங்கள் குல வழக்கம் என்று பிறகு அறிந்தேன். ஆதலால் தங்கள் அரண்மனையில் அது இல்லை. எங்கள் மாளிகையில் இருந்ததை நான் கொன்றேன். தங்கள் அன்னையார் கை பட்டதில் உலகில் எஞ்சியது ஒன்றே ஒன்று, அதுவும் உறுதியில்லை. மணமகளாய் வருகையில், நரிக்கடவில் தங்கள் கரையின் கடைசி ஊரில், முள்ளி என்னும் வண்டிக்காரன் மனைவி அரசியார் கால் கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்தாளாம். கொடுக்க வேறொன்றும் கையில் இல்லாமல், தாயில் ஒரு பிடி எடுத்துத் தேக்கிலையில் பொதிந்து அவளுக்குத் தந்தாராம். இதை நேற்றுத்தான் இமையாளிடம் சொன்னார். முள்ளி அதை வளர்த்தாளோ, மாட்டுத்தொட்டியில் கொட்டினாளோ, யாரறிவார். ஏழை வீட்டில் பஞ்சம் வந்தால் முதலில் சாவது இப்படிப்பட்டதுதான்.

ஆகவே வேந்தே, என் வேண்டுகோள் இது. நரிக்கடவை ஒரு கிழவனுக்காக ஒரு நாள் திறந்துவிடுங்கள். வாள் இல்லை, கோல் இல்லை, ஆள் இல்லை. ஒரு வெறும் பானையும் ஒரு கம்பளித் துணியும் மட்டும் கொண்டுவருவேன். தங்கள் காவலர் என்னை எத்தனை முறை வேண்டுமானாலும் துழாவிப் பார்க்கட்டும், அதற்குரியவன்தான். முள்ளி வீட்டு வாசலில் நின்று புளித்த மாவு ஒரு பிடி பிச்சை கேட்பேன். அங்கே இல்லையென்றால், அவள் யாருக்காவது பகிர்ந்திருப்பாளோ என்று வீடுவீடாகக் கேட்பேன். எங்கும் இல்லையென்றால் தங்கள் முன் வந்து நிற்பேன். அதன்பின் என்னைத் திருப்பி அனுப்பவேண்டா.

இவ்வோலை கொண்டு வருவோன் தங்கள் மறுமொழி பெறும்வரை துறையிலேயே இருப்பான். மதி நிறையப் பதினோரு நாள் இருக்கிறது.

நீர்வயல் மன்னர் முத்திரையால் இட்ட கட்டளையும் இவ்வோலையின் அடியிலேயே பொறிக்கப்படுகிறது. இதன் படி எங்கள் வாயில் ஒன்பதிலும் தொங்கும். கம்பளி சுற்றிய பானை ஒன்று நரிக்கடவிலிருந்து வருமாயின் எவனும் அதன் மூடியைத் தொடலாகாது. புளிப்பு நாறினால் முகம் சுளிக்கலாகாது. குமிழி விடும் ஓசை கேட்டால் அஞ்சலாகாது. வழியில் பொழுது கடந்தால் காவலர் தம் கைப்பிடி மாவும் தெளிநீரும் அதற்கு ஊட்டி, நிழலில் வைத்துப் பின் விடுக்க. மூடிய கலம் எதுவும் கடக்கலாகாது என்று முன்பு சட்டம் இட்ட கரும்பூதனே இதையும் இடுகிறான். இது என்ன என்று எவரேனும் கேட்டால், அரசியின் தாய் வருகிறாள், வழி விடுங்கள் என்று சொல்க.

மீன் முத்திரை. அதன்கீழ் கரும்பூதன் தன் கையால் கீறியது.