நல்ல கண்ணுக்கு எடுத்த படம்

மண்டி மொஹல்லா, மைசூர்
12.11.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் காட்ட, ஒரே கண்ணைச் சாதாரணக் கலர் படமாகவும், கைநரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றியும் எடுத்து ஒப்பிடுவோம். நோயில்லாத கண் ஒன்று வேண்டும் என்றார் டாக்டர் பிரதிபா. "என்னுதைவிட நல்ல கண்ணா மேடம்?" என்று நானே உட்கார்ந்தேன். கலர் படத்தில் ஒன்றும் இல்லை. சாயப் படத்தில் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருந்தது.

"சென்னிமலை, உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார்.

பரம்பரை நோய். மருந்து கிடையாது. பயப்படாதீர்கள், முழுக்குருடாக மாட்டேன். எதிரில் நிற்பவர் முகம் மட்டும் மெல்ல மெல்லத் தெரியாமல் போகும்.

மாதேவியோ, அம்மாவின் சொந்த அண்ணன் மகள். எங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இது வரலாம். தைமாசக் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள். மைசூரில் எவளையோ வைத்திருக்கிறான் என்று மாமா கத்துவார், கத்தட்டும். ஆனால் ஊருக்குக் காரணத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குறையை அவள் தலையில் கட்டிவிடுவார்கள்.

பஸ்ஸில் யாராவது வந்தால் ராகிமாவு கொடுத்தனுப்புங்கள். நிச்சயத்தன்று எடுத்த போட்டோவையும் அனுப்புங்கள். நீங்கள், அம்மா, அவள் மூன்று பேரும் நிற்பது.

டூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.

சென்னிமலை