எட்டிலிருந்து பத்துக்குள்

340, ஆலைச் சாலை,
லா ப்ரூஸ்
ஜனவரி 11

அன்புள்ள எத்தியேன்,

இல்லை, வீட்டில்தான் இருந்தேன். வியாழன் முழுவதும். குளிக்கப் போனபோதுகூட வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். இணைய இணைப்புக் கொடுக்க லைன்மேன் எட்டிலிருந்து பத்துக்குள் வருவார் என்று நீதான் சொன்னாய். ஏழரைக்கே சமையலறை ஜன்னலருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே மூடுபனி. பத்தேகாலுக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. எழுந்து ஓடினேன். ரொட்டிக்காரர். பதினொன்றரைக்குத் தபால்காரி. அதன்பின் யாரும் இல்லை.

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. "நீ எங்கயாவது வெளியில போயிருப்பியோ?" என்று கேட்டாய். ஊரில் போன் வேலை செய்வது கல்லறைத் தோட்டச் சுவரின் மூலையில் மட்டும்தான். நேற்று அங்கே மழை. அதனால் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் உதவி எண்ணிலும் பேசினேன். ஒரு பெண். "வேலை நடக்கலன்னு காட்டுது மதாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அத ஒப்பந்தக்காரர்கிட்டதான் சொல்ல முடியும். புதுத் தேதியும் அவர் போனுக்குத்தான் வரும்" என்றாள். ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் நீதான். தேதி வந்ததும் சொல்.

மற்றபடி எல்லாம் தயார். இணையப் பெட்டி வந்து மூன்று வாரமாகிறது. பிரிக்காமல் உன் மேசைமேல் வைத்திருக்கிறேன். உன் அறைக்கு இரண்டாவது முறையும் வெள்ளை அடித்தாகிவிட்டது. மூலையில் மட்டும் ஈரம் திரும்பத் திரும்ப வருகிறது. விளக்கை நீ இடது பக்கம் வைப்பாய். அதனால் சாக்கெட்டை வலது பக்கம் வைக்கச் சொல்லலாம் என்று பென்சிலால் ஒரு குறி போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு எண் கிடைத்துவிட்டது. எண் இல்லாத வீடு நிறுவனத்தின் கணினிக்குத் தெரியாதாம். ஊர் அலுவலகம் செவ்வாயும் வெள்ளியும்தான் திறக்கிறது. நான்கு முறை போனேன். 340. நமக்கு முன்னால் முந்நூற்று முப்பத்தொன்பது வீடுகள் இல்லை. இருப்பது இரண்டு. கூட்டு ரோட்டிலிருந்து நம் வாசல் முந்நூற்று நாற்பது மீட்டர், அவ்வளவுதான். நீலத் தகட்டை நானே திருகி மாட்டினேன். கொஞ்சம் கோணல்.

மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பண்ணை பாஸ்கல் டிராக்டரை நிறுத்தினார். "ஏம்மா பாரிஸ்காரம்மா, எங்கப்பன் எழுபது வருஷம் நம்பர் இல்லாமதான் இருந்தான். சாவு கரெக்டா வீட்டக் கண்டுபிடிச்சு வந்துச்சு." நாங்கள் லியோன் என்றேன். "ஆத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் பாரிஸ்தான்" என்று கிளம்பிவிட்டார்.

மார்ச் முப்பத்தொன்று ஞாபகம் இருக்கிறது. அதற்குள் இணைப்புச் சான்றைக் காட்டாவிட்டால் உன் அலுவலகம் வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதியை எடுத்துவிடும். அப்புறம் நீ லியோனிலேயே இருக்க வேண்டியதுதான். அந்தத் தேதியைச் சுற்றி நீ சிவப்பு வட்டம் போட்ட நாட்காட்டி சமையலறையில் தொங்குகிறது. ஆகவே கவலைப்படாதே. நேரம் இருக்கிறது.

உன் தம்பி வீட்டு சோபா உன் முதுகுக்கு ஆகாது. தரையில் மெத்தை போட்டுப் படு.

அன்புடன்,
சொலேன்

*

லா ப்ரூஸ்
பிப்ரவரி 8

அன்புள்ள எத்தியேன்,

ஜனவரி முப்பதாம் தேதி லைன்மேன் வந்தார். புதுத் தேதி எதுவும் வரவில்லை என்று நீ சொல்லியிருந்தாய். உனக்குச் சொல்ல நிறுவனம் மறந்திருக்க வேண்டும். எட்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். தலையில் துண்டோடு போய்த் திறந்தேன். நாற்பது வயது இருக்கும். பெயர் யாசின். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதைப் பார்த்து எனக்கு ஏனோ அழுகை வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் யாரும் வரவில்லை.

சாலையோரத் தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள் குழாய்க்குள் நீளமான கம்பியை விட்டார். பதினோராவது மீட்டரில் நின்றது. இழுத்து மறுபடி விட்டார். மறுபடி பதினொன்று. "உள்ள நசுங்கிருக்கு மதாம். ரோட்டுல இருந்தா எங்க வேலை. உங்க நிலத்துல இருக்கறதால நீங்கதான் தோண்டணும்." காப்பி கொடுத்தேன். "குழாய் சரியானதும் ஒப்பந்தக்காரர விட்டு தேதி கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நசுங்கிய இடத்தைக் காட்ட அவர் குத்திவிட்டுப் போன குச்சி பழைய வாயில் தூண் பக்கத்தில் இருந்தது. தோண்டினேன். நான்கு நாள். மேலே களிமண், கீழே கல். முதல் நாள் முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. இரண்டாம் நாள் மழையில் பக்கம் சரிந்து எல்லாம் மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் பாஸ்கல் வேலி மேல் கையை ஊன்றி நின்றார்.

"யாரப் பொதைக்கப் போற?"

இணைய இணைப்பு என்றேன்.

"உன் புருஷன் எங்க? அவன் கைக்கு மண்வெட்டி ஒத்துக்காதா?"

லியோனில் வேலை, இணைப்பு வந்ததும் வந்துவிடுவார் என்றேன்.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். "என் மாடுங்க கம்பி இல்லாமயே சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுதுங்க" என்றார். பிறகு வேலியைத் தாண்டி வந்து கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தூணின் அடிக்கல் சரிந்து குழாய்மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேருமாகப் புரட்டினோம். நசுங்கிய பகுதியை வெட்டிப் புதுக்குழாய் சேர்த்தோம். நீல நைலான் கயிற்றைச் சாலையிலிருந்து சுவர்வரை இழுத்துக் கட்டியிருக்கிறேன். அடுத்த முறை கேபிளை அதில் முடிந்து இழுத்தால் போதும். அரைமணி நேர வேலை.

வலது கையில் இரண்டு கொப்புளங்கள். எழுத்து இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மூன்று நாளும் நீ கோட்டைக் கழற்றவில்லை. வீடு சூடாகவில்லை என்று நினைத்தேன். இப்போது அடுப்பை ஆறு மணிக்கே பற்றவைக்கிறேன். நீ வரும்போது சூடாக இருக்கும்.

குழாய் சரியாகிவிட்டது என்று நிறுவனத்துக்குச் சொல். சீக்கிரம் ஒரு தேதி வாங்கு.

அன்புடன்,
சொலேன்

*

லா ப்ரூஸ்
பிப்ரவரி 26

எத்தியேன்,

இருபதாம் தேதி, எட்டிலிருந்து பத்துக்குள். நீதான் சொன்னாய். ஏழரைக்கு நாற்காலியைப் போட்டேன். யாரும் வரவில்லை. கல்லறைச் சுவரில் நின்று உனக்கு மெசேஜ் அனுப்பினேன். "இவனுங்களே இப்படித்தான்" என்று பதில் போட்டாய்.

நேற்று முன்தினம் பாஸ்கல் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க யாசின் வந்திருந்தார். வேனைப் பார்த்ததும் வயலைக் குறுக்கே கடந்து ஓடினேன். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டார். "நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா? வீட்ட வித்துட்டு போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

முதலில் சொல்ல மறுத்தார். பிறகு, "இத நான் காட்டக் கூடாது" என்று சொல்லியபடியே டேப்லட்டைத் திருப்பினார். 340, ஆலைச் சாலை. மூன்று வரிகள். ஜனவரி 9, ஒப்பந்தக்காரர் ரத்து செய்தார். ஜனவரி 30, ஒப்பந்தக்காரர் ரத்து செய்தார். பிப்ரவரி 20, ஒப்பந்தக்காரர் ரத்து செய்தார்.

தேதி குறித்ததும் ஒப்பந்தக்காரருக்கு ஒரு மெசேஜ் போகுமாம், முந்தின நாளோ அன்று காலையிலோ மறுபடியும் போகுமாம். உறுதி செய்ய ஒன்றை அழுத்த வேண்டும், ரத்து செய்ய இரண்டை.

அப்படியானால் முப்பதாம் தேதி எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பள்ளத்துல எங்க மதாம் சிக்னல்? ரத்துன்னு எனக்குத் தெரியறதுக்குள்ள கம்பி குழாய்க்குள்ள போயிடுச்சு." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பாஸ்கல் தன் காலணியைப் பார்த்தபடி, "இந்த வருஷம் வைக்கோலெல்லாம் ஈரமாயிடுச்சு" என்றார். யாரும் வைக்கோலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆக, இந்த வீட்டின் கதவைத் தட்டிய ஒரே ஆளும் உன் செய்தி கிடைக்காததால் வந்தவர்.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சின்னச் சின்னதாக வேறு என்னென்னவோ வருகிறது. வெளியில் போயிருப்பேனோ என்று ஜனவரியில் நீ கேட்ட கேள்வி. கிறிஸ்துமஸுக்கு வந்து திரும்பும்போது பனிக்காலக் காலணியைப் பையில் வைத்தது. நான் காரணம் கேட்கவில்லை. நீ தோட்டத்தைப் பார்க்காமல் தோட்டத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நின்றது.

இந்த வீட்டைக் கண்டுபிடித்தது நீ. விளம்பரத்தை அச்செடுத்துப் பாதாம் மரத்தைச் சுற்றி வட்டம் போட்டது நீ. நான் நூலக வேலையை விட்டேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்கு ஏதாவது புரியுமா என்று பார்க்கிறேன்.

பயந்துவிட்டாய் என்றால் புரியும். எனக்கும் பயமாக இருக்கிறது. நான்கு மணிக்கு இருட்டிவிடும் டிசம்பரில் இங்கே நானும் பயந்தேன். வர விருப்பமில்லை என்றாலும் புரியும், கொஞ்ச நாள் கழித்து. ரத்து செய்ததுகூடப் பரவாயில்லை.

நான்கு நாள் தோண்டினேன் என்று எழுதியதற்கு "சபாஷ்" என்று பதில் அனுப்பினாய். அந்த ஒரு வார்த்தையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் முப்பத்தொன்று வந்து உனக்குப் பதிலாக முடிவு செய்யட்டும் என்று நீ காத்திருக்கிறாய். அப்போது யார்மீதும் தவறு இருக்காது. லைன் வரவில்லை, அவ்வளவுதான். நானும் அதை நம்பியிருப்பேன். இன்னும் பல வருஷம் அந்த நிறுவனத்தைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுது. போனில் வேண்டாம், சுவரருகில் நின்று பாதி பாதியாகக் கேட்க என்னால் முடியாது. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு முழு வாக்கியம். மோசமான வாக்கியமாக இருந்தாலும் சரி, தபால்காரி பதினொன்றரைக்கு வருவாள், நான் இருப்பேன். வீட்டில்தான் இருப்பேன்.

உன் தம்பிக்கு என் அன்பைச் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரும்படி இருக்க வேண்டும்.

சொலேன்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் மறுநாளாகிவிட்டது. இன்று காலை நகரத்துக் கடைக்குப் போய் என் பெயரில் புது ஒப்பந்தம் போட்டேன். என் போன் எண்ணைக் கொடுத்தேன். மார்ச் 11, செவ்வாய், எட்டிலிருந்து பத்துக்குள். சாக்கெட்டைச் சமையலறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்து உன் அறைச் சுவரிலிருந்த பென்சில் குறியை அழித்தேன். பிறகு கல்லறைச் சுவர்வரை நடந்து போனேன். மெசேஜ் வந்திருந்தது. ஒன்றை அழுத்தினேன்.