இடுப்பில் ஒரு பருப்புப் பை

செவ்வாய், மார்ச் 4

காலையில் குளிர். பத்து மணிக்குப் பிறகு தோலை உரிக்கும் வெயில். இரவு வேலை முடித்து வந்து இரண்டு மணித்தியாலம்தான் நித்திரை. பிறகு புது வேலைக்குப் பயிற்சி.

பணம் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பனி. சீருடை இல்லை, பெரிய வண்டி இல்லை. சாதாரணக் கார், சாதாரண உடுப்பு, சேர்ட்டுக்குக் கீழே பிஸ்டல். முக்கியமானது: பகல் வேலை. பதினொரு வருடமாக நான் களஞ்சியமொன்றில் இரவுக் காவல், மனைவி வசந்திக்கு முதியோர் இல்லமொன்றில் பகல் வேலை. அவள் வர நான் போகிறேன். குளிர்பெட்டிக் கதவில் துண்டு ஒட்டிக் குடும்பம் நடத்துகிறோம்.

வ.விடம் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் சரிவந்த பிறகு, ஒரு பின்னேரம் ஆறு மணிக்கு இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடும்போது சொல்லலாம் என்று திட்டம்.

பயிற்றுநர் ரசல். என் வயதுதான், வயிறு என்னைவிட மூத்தது. மேசையில் இரண்டு பிஸ்டல் வைத்தான்.

பெரியது – கைக்கு நன்றாகப் பொருந்துகிறது, குறி தப்பவில்லை. சேர்ட்டில் துருத்துகிறது.
சின்னது – ஒளிக்க லேசு. சுண்டுவிரலுக்கு இடமில்லை, சுட்டால் கை உதறுகிறது.

“சுடவேண்டிய நாள் வராமலே போகலாம், ஆனால் தினமும் சுமக்கவேண்டும். சுமக்கக்கூடியதை எடு” என்றான். பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெறும் உறையைத் தந்தான். அதே பாரத்தில் ஏதாவது வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு கிழமை திரியட்டாம். மனைவி கட்டிப்பிடித்தால்கூடத் தெரியக்கூடாதாம். எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பழக்கம் இல்லை. அந்த ஆபத்தும் இல்லை.

புதன், மார்ச் 5

காற்று. வ. வேலைக்குப் போன பிறகு குசினித் தராசை எடுத்தேன். பெரியது துப்பாக்கி ரவை நிரப்பினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்று ரசல் சொல்லியிருந்தான். சின்னது எழுநூறு கிராம் வரும். என்னத்தை வைப்பது? சீனி கட்டிபட்டுவிட்டது. மைசூர்ப் பருப்பைத் துணிப்பையில் கட்டி உறைக்குள் திணித்தேன். அச்சொட்டாக இருந்தது.

ஒரு கிலோவில் – குனிந்தால் விலாவில் குத்து. காரில் பெல்ட் பூட்ட முடியவில்லை. கக்கூசில் பட்ட பாட்டை எழுதவில்லை.

தொளதொள சேர்ட் மூன்று வாங்கினேன். பின்னேரம் வ. வந்ததும் முதல் வார்த்தை:

“என்னப்பா இது கோலம்? சேர்ட்டை உள்ளுக்கு விடுங்கோ.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதே பல்லவிதான். துப்புரவு பார்க்கிற மனுசி என்று நினைத்துக்கொள்வேன். அவள் குளிக்கப் போனதும் மறுபடி வெளியே விட்டேன்.

வெள்ளி, மார்ச் 7

எழுநூறு கிராமுக்கு மாறியாயிற்று. மூன்று மணித்தியாலத்தில் மறந்தே போனேன். சின்னதுதான். முடிவு.

“இஞ்சாருங்கோ, மைசூர்ப் பருப்பு எங்கை போனது? போன கிழமைதானே வாங்கினது?”

“எனக்கென்ன தெரியும்?”

இடுப்பில் பருப்பு. சிரிப்பை அடக்கவே பெரும்பாடு.

ஞாயிறு, மார்ச் 9

பேசின் என்ற ஊரில் பிள்ளையார் கோயில். மலைப்பக்கம் தூறல். உறையைக் கார் சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டேன், கோயிலுக்குள் அதெல்லாம் வேண்டாம். சேர்ட்டைக் கழற்றி, சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். ஐந்து நாள் உறை அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது, அதை மறைக்கத்தான்.

சாமி வெளிவீதி வர, “அண்ணை, தோள் குடுக்க ஆள் காணாது, வாங்கோ” என்று ஒரு பெடியன் கூப்பிட்டான். எப்படி மாட்டேன் என்பது? சாமி தூக்கும் கொம்பைத் தோளில் வாங்கக் கையை உயர்த்தினேன், சால்வை நழுவியது. எதிரே பெண்கள் பக்கத்தில் வ. கும்பிட்ட கை அப்படியே நின்றது. கண் என் இடுப்பில்.

திரும்பும் வழி முழுக்கக் கார் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் மோதகப் பெட்டி. கிளென் வேவர்லியில் வீட்டுக்கு வந்ததும் குசினிக் கதிரையில் என்னை இருத்தினாள்.

“சேர்ட்டைக் கழட்டுங்கோ. இது அமத்தின காயம். படுக்கையிலை கிடக்கிற ஆக்களுக்கு நான் தினம் மருந்து போடுறனான், எனக்குத் தெரியாதோ? என்னத்தைக் கட்டிக்கொண்டு திரியிறியள்?”

காருக்குப் போய் உறையை எடுத்துவந்து வைத்தேன். பருப்பும் உள்ளேதான். எல்லாம் சொன்னேன். பகல் வேலை, ஆறு மணிச் சாப்பாடு, எல்லாம்.

பருப்பைக் கண்டு சிரிப்பாள் என்று நினைத்தேன். எழும்பிப் போய்விட்டாள்.

திங்கள், மார்ச் 10

விடுமுறை நாள். இருவரும் வீட்டில். அருமை. ஆனாலும் முகம் பார்க்கப் பயம்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு தானாகவே சொன்னாள். அவளுடைய தம்பியை யுத்த காலத்தில் கொழும்பில் பிடித்துக்கொண்டுபோனது எனக்குத் தெரியும். திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். எப்படிப் பிடித்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

“மூண்டு பேர் வந்தவங்கள். சிவில் உடுப்பு, சேர்ட்டை வெளியிலை விட்டிருந்தவங்கள். தம்பியின்ரை சிநேகிதர் எண்டு நினைச்சிட்டன். ஒருத்தன் தண்ணி கேட்டான், குடுத்தனான். குடிக்கக் கையைத் தூக்கேக்கைதான் இடுப்பிலை இருந்ததைக் கண்டனான்.”

தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, “சீருடையோடை வந்திருந்தா நான் கதவே திறந்திருக்க மாட்டன்.”

இருபத்திரண்டு வருடமாகச் சேர்ட்டை உள்ளே விடச் சொல்லியிருக்கிறாள். நான் ஒரு மடையன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது.

“வேணாமெண்டு சொல்லேல்லை. உங்களுக்குப் பகல் வேலை வேணும். ஆனா நீங்கள் அப்பிடி வாசல்லை வந்து நிண்டா நான் உங்களைப் பாக்க மாட்டன், அவனைத்தான் பாப்பன்.”

செவ்வாய், மார்ச் 11

மழை. உறையைத் திருப்பிக் கொடுத்தேன்.

“எது? பெரியதா, சின்னதா?” என்றான் ரசல்.

இரண்டும் இல்லை என்றேன். சீருடை வண்டியில் இடம் உண்டா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லையாம். காரணம் கேட்கவில்லை, கையை இறுக்கிக் குலுக்கினான். நல்ல மனுசன்.

கவலை இல்லை என்று எழுதினால் பொய். ஆறு மணிச் சாப்பாட்டை மனதில் எத்தனை தரம் சாப்பிட்டிருப்பேன்.

வெள்ளி, மார்ச் 14

குளிர்பெட்டிக் கதவில் துண்டு, வ.வின் கையெழுத்து: “காயத்துக்கு எண்ணெய் பூசுங்கோ. மனேச்சரோடை கதைச்சிட்டன். அடுத்த மாதம் தொடக்கம் எனக்கும் இரவு வேலை.”

மூன்று தரம் வாசித்தேன். துண்டை இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

வியாழன், ஏப்ரல் 3

காலை எட்டு மணி. நல்ல வெயில். பக்கத்து வீட்டில் புல்லு வெட்டுகிறார்கள், ஊரே வேலைக்குப் புறப்படுகிறது. நாங்கள் சோறும் பருப்பும் சாப்பிடப் போகிறோம். அந்தப் பருப்புத்தான். “அஞ்சு நாள் உங்கடை இடுப்பிலை கிடந்தது, நல்லா அவியும்” என்று நேற்றே சொல்லிவிட்டாள். படுக்கையறை யன்னலுக்குத் தடித்த கம்பளி கட்டியாயிற்று.

எனக்கு முன்னமே இரவு வேலை முடிந்து வந்து வாசலில் நின்றாள். சேர்ட் உள்ளேதான் விட்டிருந்தேன். கிட்ட வந்து இடுப்பில் கை வைத்தாள், இரண்டு பக்கமும்.

“ஒண்டும் இல்லையப்பா” என்றேன்.

“தெரியும். சும்மாதான்.”