இருபத்தேழு திருப்தி

ஜனவரி 16, வியாழன்

இன்று பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தது பதினொரு படிவம். அதில் ஒன்பது நகரசபையிலிருந்து வந்தவை. பள்ளி விட்ட பிறகு நாலரையிலிருந்து ஆறு மணிவரை பிள்ளைகளை வைத்து வீட்டுப்பாடம் செய்விக்கிறார்களே, அந்த மாலை வகுப்பு எப்படி நடக்கிறது என்று பெற்றோரைக் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம், ‘மிகத் திருப்தி’யில் தொடங்கி ‘மிக அதிருப்தி’ வரை. நான் கேள்விகளை வாசிப்பதில்லை. முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே பன்னிரண்டு புள்ளடி. இரண்டு நிமிட வேலை.

உதயன் வந்தான். ரெஸ்ரோரன்ட் குசினியில் வேலை. அவன் மகன் கெவினும் என் மகள் மிருணாளினியும் ஒரே வகுப்பு.

“ஐங்கரன் அண்ணை, அங்கை கேட்டாலும் ஒருத்தரும் சொல்லித்தருகினமில்லையாம் எண்டு பொடியன் சொல்லுறான்.”

“அதை இதிலை எழுதப் போறியோ? உன்ரை வதிவிடக் காட் எப்ப முடியுது?”

“மே மாசம்.”

“அப்ப பேசாமல் கையெழுத்தை வை.”

வைத்தான். அரசாங்கப் பேப்பரில் குறை எழுதக்கூடாது. இரத்தினம் அண்ணையின் கடை மூலையில் இந்த மேசை போட்டுப் பதினாறு வருடம். மேசையின் சட்டம் இது ஒன்றுதான். 2013-இல் ஒருவர் வீட்டுச் சுவரில் ஈரம் என்று முறைப்பாடு எழுதினார். அந்த வருடம் அவருடைய காட் எட்டு மாதம் இழுபட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று என் மனைவி தர்மிளா சொல்வாள். சம்பந்தமில்லை என்று யார் எழுத்தில் தந்தது?

ஜனவரி 21, செவ்வாய்

மொத்தம் இருபத்தேழு. கடைசியாக நிரப்பியது என்னுடையது. அதுவும் மிகத் திருப்தி.

பிப்ரவரி 6, வியாழன்

மிருணாளினியின் ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். இரண்டாம் வகுப்பு முடியும்போது பிள்ளை நிமிடத்துக்கு எழுபது சொல் வாசிக்க வேண்டுமாம். மிருணாளினி இருபத்தெட்டு. வீட்டில் யார் அவளோடு இருந்து படிப்பது என்று கேட்டார். தர்மிளா அலுவலகங்கள் துப்பரவாக்கி வர ஒன்பது மணி. எனக்குக் கடை எட்டு மணிவரை. மாலை வகுப்புக்குப் போகிறாள் என்றேன்.

அங்கே அறுபது பிள்ளைக்கு மூன்று பேர்தான் என்றார் ஆசிரியை. அந்த மூவரில் லூடோவிக் என்ற பெடியன் மட்டும், வாசிக்கக் கஷ்டப்படுகிற ஏழெட்டுப் பேரைப் பக்கத்தில் இருத்தி வாசிக்க வைக்கிறானாம். “அவன் இருக்கும்வரை எனக்கு நம்பிக்கை இருக்கிறது” என்றார்.

பிப்ரவரி 8, சனி

நானே போனில் நேரம் வைத்துக் கேட்டேன். இருபத்தாறு. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். அதனால் இரண்டு குறைந்திருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

பள்ளிச் சபைக் கூட்டம். படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று தமிழ்ப் பெற்றோர் என்னைத்தான் பிரதிநிதியாக அனுப்பியிருக்கிறார்கள். நகரசபையிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் வந்திருந்தார். வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றின் வாசிப்பு மதிப்பெண்ணும் திரையில் வந்தது. எங்கள் பள்ளி கடைசியிலிருந்து மூன்றாவது. அடுத்த படத்தில் மாலை வகுப்பு. நாற்பத்தெட்டுப் பெற்றோர் பதில் அனுப்பியிருக்கிறார்கள், மிகவும் நிறைவாக இருக்கிறார்கள் என்று எங்களைப் பாராட்டினார். வேறொரு பள்ளியில் பெற்றோர் நிறையக் குறை எழுதியிருக்கிறார்களாம். ஆகவே ஏப்ரல் விடுமுறைக்குப் பிறகு லூடோவிக் அங்கே போகிறான்.

ஏதாவது கேள்வி உண்டா என்று என்னைப் பார்த்தார்.

மெர்சி, நன்றி எண்டு சொன்னனான். என்ரை பிள்ளையின்ரை ஆளைத் தூக்கிக்கொண்டு போகினம் – நான் மெர்சி எண்டுறன். குறை எழுதின பள்ளிக்கு ஆள் கிடைக்குது. எங்களுக்குப் பாராட்டு. ஆர் போட்ட புள்ளடி அது? வாய் ஏன் திறக்கேல்லை?

மார்ச் 14, வெள்ளி

தர்மிளாவிடம் சொன்னேன். சட்டி கழுவிக்கொண்டே கேட்டாள்.

“இருபத்தேழு பேற்றை பிள்ளையளுக்கும் நீங்களோ அப்பா?”

கழுவின சட்டியை வாங்கித் துடைத்தேன்.

“அவையளைக் கேட்டுப் போட்டனீங்களோ?”

“இல்லை.”

“என்னைக் கேட்டனீங்களோ?”

அதுவும் இல்லை. அவள் அடுத்த சட்டியை எடுத்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

நகரசபைக்குக் கடிதம். ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன். செப்டம்பரில் என் காட்டும் புதுப்பிக்க வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

நேரில் போனேன். அந்த உறுப்பினர் வியாழன் மாலையில் ஆட்களைச் சந்திப்பார். வாசலில் பெயர் எழுதச் சொன்னார்கள். முழுப் பெயரையும் எழுதினேன்.

நாற்பத்தெட்டில் இருபத்தேழு நான் போட்டது, ஒருவரையும் கேட்கவில்லை என்றேன். ஏன் என்றார். பயம் என்றேன். எதற்குப் பயம் என்று கேட்டார். காட் என்றேன். அவருக்கும் கொஞ்சம் கோபம்தான், மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். லூடோவிக்கின் மாற்றம் முடிந்த விஷயம் என்றார். ஆனால் ஏப்ரல் 11-க்குள் பெற்றோரே சொன்ன பதிலைக் கொண்டுவந்தால் அடுத்த வருட ஒழுங்குக்குக் குழுவில் வைப்பாராம். பெயர் தேவையில்லை என்றார். இருபத்தேழு வெற்றுப் படிவத்தோடு திரும்பினேன்.

ஏப்ரல் 2, புதன்

கடைக்கு லீவு. வீடு வீடாகப் போனேன். கேள்வியை வாசித்து, தமிழில் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்தால் ஓர் ஆளுக்கு அரை மணித்தியாலம் போகிறது. இரண்டு நிமிடத்தில் செய்த வேலை இது.

தவரத்தினம் கதவைப் பாதி திறந்து நின்றார். “முதல் திருப்தி எண்டியள். இப்ப என்னத்தைக் கேக்கிறியள்? நீங்கள் ஆருக்கு வேலை செய்யிறியள்?” கதவைச் சாத்திவிட்டார். அவர் மேல் பிழையில்லை. அந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

உதயனை ரெஸ்ரோரன்ட் பின்வாசலில் பிடித்தேன். ஏழாவது கேள்வி: உங்கள் பிள்ளை உதவி கேட்டால் கிடைக்கிறதா? கொஞ்ச நேரம் ஏப்ரனில் கையைத் துடைத்தான்.

“கெவின் இப்ப கேக்கிறதையே விட்டிட்டான் அண்ணை.”

“காட் மே மாசம்.”

“தெரியும். பேனையைத் தாங்கோ.”

அவனே போட்டான்.

ஏப்ரல் 10, வியாழன்

பதினெட்டுக் கொடுத்தேன். ஒன்பது பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். பதினெட்டில் நான்கு திருப்தி. இந்த நான்கும் உண்மைத் திருப்தி.

மே 22, வியாழன்

உதயனுக்குக் காட் வந்துவிட்டது. சொன்ன தேதிக்கே. பதினாறு வருடச் சட்டம்.

ஜூன் 19, வியாழன்

பள்ளிச் சபை. செப்டம்பரிலிருந்து வாசிப்புக்கு என்று ஓர் ஆள், திங்களும் வியாழனும். நாங்கள் கேட்டது மாலை வகுப்பு நடக்கிற நான்கு நாளும். லூடோவிக் திரும்பி வரமாட்டான். ஏதாவது கேள்வி உண்டா என்றார் உறுப்பினர். மற்ற இரண்டு நாளும் என்ன செய்வது என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். ஆனால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

லூடோவிக் போன நாளிலிருந்து மிருணாளினி நாலரைக்கு என் மேசைக்கு வந்துவிடுகிறாள். கடையில் கதைப் புத்தகம் கிடையாது, படிவம்தான் வாசிக்கிறாள். நேற்று நாற்பத்தொரு சொல்.

இன்று பொண்டி என்ற புறநகரிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒருவர், பள்ளி மதியச் சாப்பாடு எப்படி என்று கேட்கும் நகரசபைப் படிவத்தை மேசையில் வைத்தார். “எல்லாம் திருப்தி எண்டு போட்டுவிடுங்கோ அண்ணை” என்றார். படிவத்தை மிருணாளினி பக்கம் தள்ளினேன். விரல் வைத்து முதல் கேள்வியை மெல்ல வாசித்தாள். நான் அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“அப்பா, அவர் இன்னும் பதில் சொல்லவில்லை” என்றாள் அவள், பிரெஞ்சில்.

பேனை அவள் கையில். பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். காத்திருந்தோம்.